மூன்று உள்ளே, ஒன்று வெளியே

போன மாசியில் பாளையங்கோட்டை வீட்டில் ஒரு மத்தியானம். தயிர்ச் சோற்றுக்கு உப்பு நார்த்தங்காயை எடுக்க ஜாடிக்குள் கைவிட்ட அம்மாவை நான் தடுத்தேன். அம்மாவுக்கு 72 வயது, பிரஷருக்கு மூன்று மாத்திரைகள். கையை எடுக்காமலேயே கேட்டாள்:

"உப்பு தண்ணிய இழுக்கும், அதான் பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் சொல்லுதாரு. அந்தத் தண்ணிய எடுக்கத்தான் காலையில தண்ணி மாத்திரை திங்கேன்லா? பொறவு ஊறுகாயையும் எதுக்குட்டி நிப்பாட்டணும்?"

இருபது வருடமாக மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் செய்முறை வகுப்பு எடுக்கிறவள் நான். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. அவளுடைய கணக்கில் தப்பில்லை. உப்பு செய்யும் ஒரே கெடுதி தண்ணீரைச் சேர்த்து வைப்பதுதான் என்றால், தண்ணீரை வெளியேற்றும் மாத்திரையோடு விஷயம் முடிந்துவிட வேண்டும். முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதில் ஒரு பகுதி, ரத்தக் குழாயின் சுவருக்குள் இருக்கும் மென்தசைச் செல்களில் இருக்கிறது. அந்தச் செல்களோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு.

எம்.எஸ்சி. இரண்டாம் வருட ப்ராஜெக்டில் எனக்குக் கிடைத்தது எலியின் பெருந்தமனி. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு மோதிரம் மோதிரமாக அதை வெட்ட வேண்டும். இரண்டு மெல்லிய எஃகுக் கொக்கிகளை மோதிரத்துக்குள் நுழைத்து, ஒன்றை அடியில் பூட்டி, மற்றொன்றை இழுவிசையை அளக்கும் கருவியில் மாட்ட வேண்டும். அது தொங்குவது 10 மில்லி கொள்ளும் கண்ணாடிக் குழியில்; 37 டிகிரி வெந்நீர் உறை; கீழிருந்து குமிழ் குமிழாக ஆக்சிஜன் 95 பங்கு, கார்பன் டை ஆக்சைடு 5 பங்கு. குழியில் ஊற்றும் திரவத்துக்கு கிரெப்ஸ் கரைசல் என்று பெயர். லிட்டருக்கு 6.9 கிராம் சாதாரண உப்பு, அதோடு பொட்டாசியம், மக்னீசியம், பைகார்பனேட், பாஸ்பேட், குளுக்கோஸ். கால்சியத்தை மட்டும் கடைசியில், காற்று நன்றாக ஓடிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் கரைசல் பால் மாதிரி வெளுத்துவிடும். முதல் வாரம் நான் மூன்று லிட்டரைப் பாலாக்கிக் கொட்டினேன்.

ஒரு மணி நேரம், கால் மணிக்கொரு தரம் கழுவிக் கழுவி, மோதிரம் அமைதியாகும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு குழாயை இறுக்கும் நரம்புச் சுரப்பான நோர்அட்ரினலின் ஒரு சொட்டு விட்டால், இழுவிசையைக் காகிதத்தில் வரையும் பேனா மேலே ஏறும். உயிரிலிருந்து பிரிந்து வந்த ஒரு துண்டு, உடம்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இறுகுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் பேசாமல் நின்றுவிட்டேன்.

என்னைக் குழப்பிய பரிசோதனை அதற்குப் பிறகு வந்தது. கரைசலில் இருக்கும் சாதாரண உப்பை, அதாவது சோடியம் குளோரைடை எடுத்துவிட்டு, அதே அளவு சோடியம் இல்லாத கோலின் குளோரைடு போடச் சொன்னார் என் வழிகாட்டி. கோலினே தசையைத் தூண்டிவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் அட்ரோபின். பைகார்பனேட்டில் இருக்கும் சோடியம் மட்டும் மிச்சம், அதாவது லிட்டருக்கு 143 மில்லிமோலிலிருந்து (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு அது) 25க்கு இறக்கம். நான் ஊற்றினேன். மோதிரம் மெல்ல இறுகத் தொடங்கியது. மருந்து இல்லை, நரம்பைத் தூண்டவில்லை. உப்பைக் குறைத்தோம், அவ்வளவுதான்.

உப்பைக் குறைத்தால் குழாய் இறுகுகிறதா? அப்படியானால் ஊரிலுள்ள டாக்டர்கள் எல்லாரும் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? நோட்டில் "முரண்" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டது இன்னும் இருக்கிறது. அம்மாவின் கேள்வியும் இந்தக் கேள்விக்குறியும் ஒரே முடிச்சின் இரண்டு நுனிகள்.

முடிச்சை அவிழ்க்கக் கால்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். மென்தசைச் செல்லுக்கு வெளியே இருக்கும் திரவத்தில் கட்டில்லாமல் திரியும் கால்சியம் ஏறக்குறைய 1.2 மில்லிமோல். செல்லுக்குள், ஓய்வில் இருக்கும்போது, அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் செல்லின் ஓயாத வேலை. உள்ளே கால்சியம் சில மடங்கு கூடினாலே கால்மோடுலின் என்ற புரதம் நான்கு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி மயோசினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. மயோசின் இழுக்கிறது, செல் சுருங்குகிறது. கை காலில் உள்ள எலும்புத் தசை மாதிரி வெடுக்கென்று இல்லை. ரத்தக் குழாயின் மென்தசை பாதி சுருங்கிய நிலையிலேயே, மிகக் குறைந்த செலவில், வாழ்நாள் முழுக்க நிற்கும். அந்தப் பாதிச் சுருக்கம் கொஞ்சம் கூடினால் போதும். குழாயின் எதிர்ப்பு அதன் ஆரத்தின் நான்காம் மடிக்கு எதிராகப் போகும். ஆரம் நூற்றுக்கு 5 குறைந்தால் எதிர்ப்பு நூற்றுக்கு 23 ஏறிவிடும். கண்ணால் பார்த்தால் தெரியாத சுருக்கம் அது.

உள்ளே வந்த கால்சியத்தை அப்புறப்படுத்த மூன்று வழிகள். செல்லுக்குள்ளேயே இருக்கும் வலைக் கிடங்கில் பம்ப் செய்து அடைத்துவைப்பது ஒன்று. செல்சவ்வில் இருக்கும் கால்சியம் பம்ப் நேராக வெளியே தள்ளுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஏடிபி என்ற எரிபொருள் நேரடியாக வேண்டும். மூன்றாவது வழிக்கு வேண்டாம். அதுதான் சோடியம்–கால்சியம் பரிமாற்றி.

பரிமாற்றியை அம்மாவுக்குப் புளியங்கொட்டை வைத்து விளக்கினேன். முற்றத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதுதான் செல் என்றேன். வெளியே சோடியம் கொட்டிக் கிடக்கிறது, 145 மில்லிமோல். உள்ளே 10 அல்லது 12தான். அதனால் சோடியம் எப்போதும் உள்ளே விழத் துடிக்கிறது. பரிமாற்றி அந்தத் துடிப்பைக் கூலியாக வாங்கிக்கொள்கிறது. மூன்று சோடியத்தை உள்ளே விட்டு, அந்த வேகத்தில் ஒரு கால்சியத்தை வெளியே எறிகிறது. ஏற்றத்தின் ஒரு பக்கம் மனிதன் இறங்கினால் மறுபக்கம் தண்ணீர் மேலே வருகிற மாதிரி. அம்மா ஏற்றம் இறைத்ததைப் பார்த்த தலைமுறை, சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

இதற்கு மேல் சொல்வதைப் பல பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் கடந்து போகின்றன. இந்தப் பரிமாற்றிக்குத் திசை நிலையானதில்லை. மூன்று சோடியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம், ஒரு கால்சியத்துக்கு இரண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மின்னூட்டம் கூடுதலாக உள்ளே போகிறது. அதனால் சவ்வின் மின்னழுத்தமும் திசையைத் தீர்மானிப்பதில் பங்கு கேட்கிறது. இருபக்கச் செறிவுகளை வைத்து, எந்த மின்னழுத்தத்தில் பரிமாற்றி இரு திசையிலும் சமனாக நிற்கும் என்று கணக்குப் போடலாம். வெளியே சோடியம் 145, கால்சியம் 1.2 மில்லிமோல், உள்ளே கால்சியம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, வெப்பம் 37 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சோடியம் 10 என்றால் சமநிலைப் புள்ளி ஏறக்குறைய மைனஸ் 37 மில்லிவோல்ட். 12 என்றால் மைனஸ் 51. 15 என்றால் மைனஸ் 69.

ரத்தக் குழாய் மென்தசையின் ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 40க்கும் மைனஸ் 60க்கும் இடையே. மைனஸ் 50 என்று எடுத்துக்கொண்டால், உள்ளே சோடியம் 10 இருக்கும்போது பரிமாற்றி கால்சியத்தை வெளியேற்றும். 12ல் சும்மா நிற்கும். 15 ஆனால் எதிர்த்திசையில் ஓடி, கால்சியத்தை உள்ளே கொண்டுவரும். எருவைக் குப்பைமேட்டுக்கு இழுத்துப்போன வண்டி, குப்பைமேட்டிலிருந்து வீட்டுக்கு இழுத்து வரத் தொடங்கிவிடுகிறது. நடுவில் மாறியது வெறும் 5 மில்லிமோல் சோடியம். பரிமாற்றி மட்டுமே வேலை பார்க்கும் செல் என்று ஒன்று இருந்தால், அதில் சோடியம் 10லிருந்து 15 ஆகும்போது கால்சியம் மூன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறி நிற்கும். ஒன்றரையின் கனம் அது. நிஜச் செல்லில் மற்ற இரண்டு பம்புகளும் ஈடுகொடுக்கும், ஏற்றம் அவ்வளவு இராது. ஆனாலும் இந்த மூன்றாம் மடிதான் என்னை இந்த விஷயத்தில் கட்டிப்போட்டது. சோடியத்தின் சிறு அசைவு கால்சியத்தில் பெரிதாகி விழுகிறது.

இப்போது என் பழைய கேள்விக்குறிக்கு வருகிறேன். கரைசலில் சோடியத்தைக் குறைத்தபோது நான் குறைத்தது வெளிப்பக்கத்தை. சோடியம் உள்ளே விழும் உயரம் குறைந்தது, ஏற்றம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது, கால்சியம் உள்ளே வந்தது, மோதிரம் இறுகியது. இதே மாதிரி ஒரு பரிசோதனையை முயலின் தமனிகளில் செய்து, சோடியம்–கால்சியம் பரிமாற்றம் ரத்தக் குழாயிலும் இருக்கிறது என்று ராய்ட்டர், பிளாஸ்டீன், ஹாய்ஸ்லர் மூவரும் 1973ல் எழுதினார்கள். உப்பு சாப்பிடும் மனிதனில் நடப்பது வேறு. ரத்தத்தின் சோடியத்தைச் சிறுநீரகமும் தாகமும் சேர்ந்து 135க்கும் 145க்கும் நடுவே பூட்டி வைத்திருக்கின்றன. உப்பைத் தாராளமாகத் தின்றால்கூட அது 1 முதல் 3 மில்லிமோல் வரைதான் அசையும். (லேப் ரிப்போர்ட்டில் சோடியம் 138, நார்மல் என்று பார்த்துவிட்டு, "எனக்கு உப்பு ஒன்றும் செய்யவில்லை" என்று சொல்பவர்கள் பலர். அந்த எண் நீங்கள் எவ்வளவு உப்பு தின்கிறீர்கள் என்பதைச் சொல்லாது.) மாற வேண்டியது செல்லுக்கு உள்ளே இருக்கும் சோடியம். இரண்டு இடத்திலும் ஒரே விதிதான்; நான் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தேன், உடம்பு மறுபக்கத்தில் சேர்க்கிறது. "முரண்" என்று எழுதியது என் அவசரம்.

உள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருப்பது யார்? சோடியம் பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் இந்த நொதியை 1957ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கூ கண்டார், நண்டின் கால் நரம்புகளை அரைத்து. அதற்கான நோபல் 40 ஆண்டு கழித்து, 1997ல் வந்தது. பரிமாற்றிக்கு எரிபொருள் வேண்டாம் என்று மேலே சொன்னேன். கடனைக் கட்டுவது இந்தப் பம்ப்தான். பம்ப் தளர்ந்தால் உள்ளே சோடியம் தேங்கும், பரிமாற்றி தடுமாறும், கால்சியம் மிஞ்சும்.

இதை மனிதர்கள் காரணம் தெரியாமலேயே நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். ஃபாக்ஸ்குளோவ் என்ற ஊதாப்பூச் செடியின் இலை, உடம்பு நீர்கோத்து வீங்கியவர்களுக்கு எப்படி உதவுகிறது என்று இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785ல் எழுதினார். அந்தச் செடியின் குடும்பத்திலிருந்து வந்த டிகாக்சின் இன்றும் இதய வார்டில் இருக்கிறது. இவ்வகை மருந்துகள் சிவப்பணுக்களில் சோடியமும் பொட்டாசியமும் கடப்பதைத் தடுக்கின்றன என்று 1953ல் காட்டியவர் ஹான்ஸ் ஷாட்ஸ்மன். செல்சவ்வின் கால்சியம் பம்பை 1966ல் அதே சிவப்பணுவில் கண்டவரும் அவரே. ஒரே மனிதர், ஒரே செல், இந்தக் கதையின் இரண்டு முக்கியப் பாத்திரங்கள். என் மாணவர்களிடம் வருடா வருடம் சொல்வேன், எனக்கு அலுப்பதில்லை. டிகாக்சின் பம்பை அமுக்குகிறது. இதயச் செல்லில் சோடியம் ஏறுகிறது. பரிமாற்றி வெளியேற்றும் கால்சியம் குறைகிறது. மிஞ்சிய கால்சியத்தால் இதயம் பலமாக அடிக்கிறது. இதயத்தில் வரமாக இருப்பது குழாய்ச் சுவரில் அப்படி இல்லை. அங்கே அதே ஏற்பாடு இறுக்கத்தைக் கூட்டும்.

என் நோட்டில் நான் அதிகம் விரும்பும் பக்கம் இதைப் பற்றியது. எலியின் வால் தமனி. பொட்டாசியம் இல்லாத கரைசலில் அதைத் தொங்கவிட்டால், உள்ளே எடுக்க வெளியே பொட்டாசியம் இல்லாததால் பம்ப் நின்றுவிடும். அந்த நிலையில் நோர்அட்ரினலின் கொடுத்து இறுகவிட்டு, இறுக்கம் நிலைத்ததும் பொட்டாசியத்தை 5 மில்லிமோலுக்குத் திரும்பச் சேர்த்தேன். பம்ப் எழுந்தது. பேனா சரேலென்று கீழே இறங்கியது. அடுத்த துண்டில் ஓவாபெயின் சேர்த்துவிட்டு அதையே செய்தேன், பேனா அசையவில்லை. ஓவாபெயின், கிழக்கு ஆப்பிரிக்க வேடர்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சு. பம்பின் கழுத்தைப் பிடிப்பது. எலியில் அதை மிக அதிகமாகப் போட வேண்டியிருந்தது. எலியின் உடம்பில் எங்கும் இருக்கும் ஆல்பா-1 வகைப் பம்புக்கு அந்த நஞ்சு எளிதில் உறைக்காது. இந்தச் சின்ன எரிச்சல் பின்னால் பெரிய சாவியாக மாறியது; வருகிறேன்.

அந்தச் சரிவு முழுவதும் பரிமாற்றியின் வேலை என்று சொன்னால் பொய். பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றைத் தள்ளி இரண்டைத்தான் எடுக்கிறது. எழுந்த உடனே சவ்வின் மின்னழுத்தத்தை இன்னும் எதிர்மறையாக்கும். மின்னழுத்தத்தைப் பார்த்துத் திறக்கும் கால்சியம் கால்வாய்கள் அதனால் மூடும். அம்மா சாப்பிடும் அம்லோடிபின் அடைப்பது அந்தக் கால்வாய்களைத்தான். ("எலும்புக்கு கால்சியம் மாத்திரையும் தாரா, பிரஷருக்கு கால்சியத்த அடைக்க மாத்திரையும் தாரா, ரெண்டும் சண்ட போடாதா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். போடாது. ரத்தத்தின் கால்சியத்தை உடம்பு தனியாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அம்லோடிபின் பார்ப்பது செல்லின் வாசலை மட்டும்.) மென்தசையில் பரிமாற்றிக்குப் பெரிய பங்கு இல்லை என்று பல ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதாடியதற்கு இந்த மாதிரிச் சிக்கல்கள்தான் காரணம். எதைத் தொட்டாலும் மூன்று கயிறு சேர்ந்து ஆடும்.

இந்தத் துறையில் அடிப்படைக் கண்டுபிடிப்புகள் பல, நினைத்துத் தொடாத ஒன்றிலிருந்து வந்தவை. தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்த லண்டன் மருத்துவர் சிட்னி ரிங்கர், தன் கரைசல் வடிநீரில் செய்தது என்று நம்பியிருந்தார். உண்மையில் அது குழாய்த் தண்ணீர். வடிநீரில் செய்ததும் இதயம் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிப்பைக் காத்தது என்று 1883ல் தானே எழுதித் திருத்தினார். தன் தவறை அச்சில் சொன்ன அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை. 1958ல் லுட்காவும் நீடர்கெர்க்கெயும், தவளை இதயத்தில் சோடியமும் கால்சியமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதை அளந்தார்கள். பரிமாற்றி என்று ஒன்று இருப்பதை 1968ல் ராய்ட்டரும் சைட்ஸும் இதயத் தசையில் காட்டினார்கள். மறு வருடம் பேக்கர், பிளாஸ்டீன், ஹாட்ஜ்கின், ஸ்டைன்ஹார்ட் நால்வரும் கணவாயின் தடித்த நரம்பிழையில் அதையே காட்டினார்கள். அந்த நால்வரில் இளையவர்களில் ஒருவரான மோர்டெகாய் பிளாஸ்டீன், 1977ல் துணிந்து ஒரு கருதுகோள் வைத்தார். உப்பு அதிகமாகும்போது உடம்பு அதை வெளியேற்ற, சோடியம் பம்பை அமுக்கும் ஒரு பொருளைச் சுரக்கிறது, அந்தப் பொருள் ரத்தக் குழாயின் பம்பையும் அமுக்குகிறது, மென்தசையில் சோடியம் ஏறி, பரிமாற்றி வழியாகக் கால்சியம் ஏறி, குழாய் இறுகுகிறது, அழுத்தம் உயர்கிறது. சிறுநீரகத்துக்காகச் செய்த உதவிக்குக் குழாய் விலை கொடுக்கிறது.

மறுபக்கத்தில் அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த உடலியங்கியலாளர் ஆர்தர் கைட்டன். போலியோவால் தோளும் கையும் பாதிக்கப்பட்ட பிறகும் ரத்த ஓட்டத்தின் கணக்கைப் பாதி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் சொன்னது: குழாய் என்னதான் இறுகினாலும், சிறுநீரகம் ஒழுங்காக இருந்தால் அதிக அழுத்தத்தில் அதிக உப்பையும் நீரையும் வெளியேற்றி, அழுத்தத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆகவே நீடித்த பிரஷரின் வேர் சிறுநீரகத்தில். நான் படித்த காலத்தில் தேர்வில் எழுத வேண்டிய பதில் இதுதான். இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உப்பால் ஏறும் பிரஷரில், தொடக்கத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தம் கூடினாலும், பிறகு அது இறங்கி, குழாய்களின் எதிர்ப்புதான் உயர்ந்து நிற்கிறது என்பதையும் அவர் எழுதிய பாடப்புத்தகமே சொல்கிறது. அந்த எதிர்ப்பு எந்தக் கையால் கூடுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. சிறுநீரகத்துக்குள் போகும் நுண்தமனியின் சுவரும் மென்தசைதானே. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அடித்து வீழ்த்த வேண்டியதில்லை என்றே எனக்குப் படுகிறது.

பிளாஸ்டீனுக்கு நேர்ந்த தடங்கல்கள் உண்மையானவை. பம்பைத் தடுக்கும் அந்தப் பொருள் எங்கே? 1991ல் ஹேம்லினும் கூட்டாளிகளும் மனித ரத்தத்திலிருந்து ஓவாபெயினிலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்றைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தார்கள். அம்பு நஞ்சு நம் உடம்பிலேயே சுரக்கிறதா! வேறு சில ஆய்வகங்கள் தேடிக் காணவில்லை என்றன. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டாவது தடங்கல்: அவ்வளவு நுண்ணிய அளவு ஓவாபெயின் செல் முழுவதன் சோடியத்தை எப்படி ஏற்றும்?

இங்கேதான் என்னை எரிச்சலூட்டிய எலிப் பம்ப் சாவியாகிறது. மென்தசையில் ஒரே வகைப் பம்ப் இல்லை. எலியில் நஞ்சுக்கு எளிதில் அசையாத ஆல்பா-1 செல்சவ்வு முழுக்கப் பரவியிருக்கிறது. வீட்டு வேலையை எல்லாம் பார்ப்பது அது. நுண்ணிய அளவு ஓவாபெயினுக்கே பணியும் ஆல்பா-2, சவ்வு உள்கிடங்கை ஒட்டிப்போகும் இடங்களில் மட்டும் கூடியிருக்கிறது. பரிமாற்றியும் அங்கேதான். சவ்வுக்கும் கிடங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 20 நானோமீட்டர். செல் முழுக்கச் சோடியம் ஏற வேண்டியதில்லை. அந்த இடுக்கில் ஏறினால் போதும். அங்கே பரிமாற்றி உள்ளே விடும் கால்சியத்தைப் பக்கத்திலிருக்கும் கிடங்கு வாங்கி நிரப்பிக்கொள்ளும். அடுத்த முறை நரம்போ ஹார்மோனோ கூப்பிடும்போது கிடங்கு வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்து கொட்டும். போதாக்குறைக்கு, அந்தக் கூப்பாட்டில் திறக்கும் சில கால்வாய்கள் சோடியத்தையும் அதே இடுக்குக்குள் விடுகின்றன. மொட்டைமாடி முழுக்க நிரம்பாவிட்டாலும், ஒரு ஜலதாரை அடைத்தால் அந்த மூலையில் தண்ணீர் கட்டிக்கொள்வதில்லையா.

2004ல் ஜப்பானிலிருந்து தகாஹிரோ இவாமோட்டோவின் குழு வெளியிட்ட கட்டுரையை நான் நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். பரிமாற்றியைத் தடுக்கும் ஒரு மருந்து, உப்பால் பிரஷர் ஏறிய எலிகளில் பிரஷரை இறக்கியது. உப்போடு சம்பந்தமில்லாத வகைப் பிரஷர் உள்ள எலிகளிலும், பிரஷரே இல்லாத எலிகளிலும் இறக்கவில்லை. மென்தசையில் மட்டும் பரிமாற்றியைக் கூடுதலாகச் செய்த சுண்டெலிகள் உப்புக்கு எளிதில் பிரஷர் ஏறுபவையாக இருந்தன. பரிமாற்றி மரபணுவின் ஒரு பிரதி குறைந்த சுண்டெலிகள் தாக்குப்பிடித்தன. ஒரு பூட்டை மூன்று பக்கத்திலிருந்து திறந்து காட்டிய வேலை. வேறொரு குழு, சுண்டெலியின் ஆல்பா-2வை ஓவாபெயின் ஒட்டாதபடி மாற்றியபோது, ஓவாபெயின் கொடுத்தும் பிரஷர் ஏறவில்லை. சுண்டெலி மனிதன் இல்லைதான். ஆனால் 1977ன் அந்தக் கருதுகோளை வெறும் ஊகம் என்று அதற்குப் பிறகு என்னால் வகுப்பில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவையும் அம்மாவிடம் சொல்லவில்லை. புளியங்கொட்டையைக் கூட்டி எடுத்துக்கொண்டே, அவள் கேட்டதற்கு மட்டும் சொன்னேன். தண்ணி மாத்திரையைத் தொடங்கிய முதல் நாட்களில் ரத்தத்தின் நீர் குறைவது நிஜம். சில வாரத்தில் அது ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடுகிறது, பிரஷர் மட்டும் இறங்கியே நிற்கிறது. ஏனென்றால் அதற்குள் குழாய்கள் தளர்ந்திருக்கின்றன. எந்த வழியில் தளர்கின்றன என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் மாத்திரை ஒரு பக்கம் உப்பை வெளியேற்ற, ஊறுகாய் மறுபக்கம் அதை நிரப்பினால் மாத்திரையின் பலன் குறையும் என்பதில் சந்தேகம் கிடையாது. அதோடு, உப்பு அதிகமாகத் தின்றுகொண்டே அந்த மாத்திரையை எடுத்தால் சிறுநீரில் பொட்டாசியம் கூடுதலாகப் போகும். பம்புக்கு வேண்டிய பொட்டாசியம்.

"அப்ப பொட்டாசியம் உப்பு கடையில விக்கிதாமே, பக்கத்து வீட்டு மைனி வாங்குதா. அதப் போட்டா சரியாப் போகும்லா?"

நல்ல கேள்விதான். சீனாவின் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரைச் சேர்த்து, பாதி கிராமங்களில் மட்டும் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது: பக்கவாதம் நூற்றுக்கு 14 குறைந்தது. சமையலறையில் ஒரு டப்பாவை மாற்றியதற்கு இது பெரிய பலன். ஆனால் அம்மா சாப்பிடும் மூன்றாவது மாத்திரை டெல்மிசார்டன், அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களும் அவளைப் போல அந்த மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. பொட்டாசியம் எல்லை மீறினால் நிற்கப்போவது இதயம். நாங்கள் கேட்டோம். வேண்டாம் என்றார். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி, 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவையே பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்பளம், வத்தல், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம்.

அம்மாவுக்கு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "எல்லாருக்கும் இப்படித்தானா, இல்ல எனக்கு மட்டுமா? ஒங்கப்பா கருவாடு இல்லாம சாப்பிட்டதே கிடையாது. கடைசி வரைக்கும் பிரஷர்னு ஒண்ணு வரலயே."

எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு உப்பு கூடினால் பிரஷர் நன்றாக ஏறுகிறது, சிலருக்கு அசைவதே இல்லை. வயது கூடக் கூட அசைபவர்கள் அதிகம். நீ எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. குறைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். இரண்டு வாரம் பார்ப்போம் என்று சம்மதித்தாள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன்: காலைப் பிரஷர், மாலைப் பிரஷர், ஊறுகாய்.

நேற்று இரவு போனில் வாசித்துக் காட்டினாள். பதினோராம் நாள், காலை 142, 80. மாலை 138, 82. ஊறுகாய்க் கட்டத்தில் ஒரு சின்னத் துண்டு என்று எழுதியிருக்கிறாளாம். மைனி வீட்டில் கொடுத்தது.